கூரையா, மிஷினா?

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் 'தார்டப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். கூரை ஒழுகலை அடைப்பது அவர் தொழில். மழைக்காலத்தில் தோளில் ஏணியும் கையில் தார் டப்பாவுமாக அவர் நடந்து வந்தால், கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைக்காது. கீழே நின்று ஈரக்கறையை ஒரு பார்வை பார்ப்பார். மேலே ஏறி, கறைக்கு நாலு முழம் தள்ளி ஒரு ஓட்டில் கை வைப்பார். அதுதான் உடைந்திருக்கும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்கு மேல் இருந்தது. எனக்கு மட்டும் என்ன குறைவு? நான் ஏசி மெக்கானிக்.

அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், புழுக்கம் ஆகாது, அறையைக் குளுமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். நானே ஏசி மாட்டினேன். ஓட்டுக்கும் சீலிங் பலகைக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு பரண் உண்டு. செம்புக் குழாயை அது வழியாகக் கொண்டுபோய், கறுப்பு ஸ்பாஞ்சு உறை போட்டு, டேப் சுற்றினேன். அக்கா கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "மகாராணி ஆயிட்டேன்டா" என்றாள்.

நாலாம் மாதம், ஒரு பொட்டு மழை இல்லாத கோடையில், அவள் கட்டிலுக்கு நேர் மேலே பலகை நனைந்தது. பிறகு சொட்ட ஆரம்பித்தது.

"மழையே இல்ல, கூரை எப்படி ஒழுகும்? உன் மிஷின்தான் மாப்ளே" என்றார் மாமா.

"மிஷின் தண்ணி வெளிய போய்ட்டிருக்கு, நல்லாப் பாருங்க. ஊருக்கெல்லாம் தார் பூசுறீங்களே, சொந்த வீட்டுக்கு மட்டும் டப்பா காலியா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. மாமாவின் முகம் சிவந்துபோனது.

"பைப்புக்குத் துணி சுத்துறவன் எனக்குக் கூரை சொல்லித் தர்றியா? போடா வெளிய!"

போனேன். ஏழு மாதம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

அக்கா போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். "ஒரே ஒரு தடவை ஏறிப் பாத்துட்டுப் போயேன்டா. பூஞ்சணம் வேற கறுகறுன்னு படருது. இருமல் தாங்கல."

"உன் வீட்டுக்காரர் கூப்பிடட்டும், வரேன்."

"அவரைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே."

"என்னைப் பத்தியும் அவருக்குத் தெரியுமில்ல?"

சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. அது அடங்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம், இருபது நிமிட நடைதான். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒரு நாள் காலையில் மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அவள் போய்விட்டாள். நுரையீரல் முன்பே பழுதுதான், அந்த அறையின் ஈரமும் சேர்ந்துகொண்டது என்றார் டாக்டர். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அவர் என் சட்டையைத் தொட்டார். "ஏறிப் பாரு மாப்ளே." அவ்வளவுதான் சொன்னார்.

அக்கா போன பிறகும் அவர் ஏசியை நிறுத்தவில்லை. பரணுக்குள் தலையை நீட்டியதும் முகத்தில் காற்று அடித்தது. இரண்டு பக்கச் சுவரிலும் சதுரமாக வெட்டி, அழகாக வலை அடித்திருந்தார். நனைந்த மரத்தைக் காற்றாட விடு என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். ஆனால் எங்கள் ஊர் ஈரக் காற்றில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. அந்தக் காற்று ஜில்லென்று எதைத் தொட்டாலும், ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பதுபோல வேர்த்துவிடும். பரணுக்குள் அதை வரவிடாமல் அடைப்பதுதான் வைத்தியம். அவர் கதவைத் திறந்து வைத்து வரவேற்றிருந்தார்.

அதைவிட மோசம், குழாய் வெறுமனே கிடந்தது. முழு நீளத்துக்கும் வேர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரமான உறைதான் தண்ணீரைக் குடித்துக் கீழே விடுகிறது என்று நினைத்து, ஸ்பாஞ்சை முழுக்கக் கழற்றிவிட்டிருக்கிறார். எறியவும் இல்லை. கயிறு கட்டி, அந்தச் சதுரங்களுக்கு எதிரே ஒவ்வொரு துண்டாகக் காயப்போட்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன், இன்னும் ஈரம். வளைவுக்குப் போட்ட துண்டில் மட்டும் என் டேப் இல்லை. விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. முதல் சொட்டு அங்கிருந்துதான் விழுந்திருக்கும். மாட்டிய அன்று அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள் என்று அவசரமாக இறங்கியது ஞாபகம் வந்தது.

"என்ன மாப்ளே?" கீழேயிருந்து குரல் வந்தது. "கூரையா, மிஷினா?"

பழைய ஆளாக இருந்திருந்தால் அங்கிருந்தே கத்தியிருப்பேன். அந்தக் குரலைக் கேட்ட பிறகு முடியவில்லை.

"என் டேப்புதான் மாமா. நான் சரியா சுத்தல."

பொய்யில்லை. மீதியை விழுங்கிக்கொண்டேன்.

"நான் வெட்டி வெச்ச ஜன்னல்?"

"அதையும் மூடிடுவோம். எலி வரும்."

"வலை அடிச்சிருக்கேனே."

நான் ஈரத் துண்டுகளைக் கயிற்றிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தேன். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

புது உறை போட்டு, இணைப்பு ஒவ்வொன்றிலும் டேப் சுற்றி, இரண்டு சதுரத்தையும் பலகை வைத்து இடைவெளி இல்லாமல் அடைத்தேன். முக்கால் மணி நேர வேலை.

சாயங்காலம்வரை ஏசி ஓடியது. மாமா அக்காவின் கட்டிலில் மல்லாந்து படுத்து, மேலே பார்த்தபடி உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"நின்னுடுச்சு" என்றார். கையை மடக்கவில்லை. "தினமும் சொல்லுவா மாப்ளே, தம்பி வந்தா நின்னுடும்னு."