பதில் இல்லை என்று குறித்த எண்

கல்லூரி வாசலை எட்டாமல் நின்றுவிடும் பிள்ளைகளை உள்ளே கொண்டுவருவது என் அலுவலகத்தின் வேலை. கணினிப் பொறியியல் படித்துவிட்டு இந்த அரசுப் பணிக்கு வந்த முதல் ஆண்டிலேயே ஒரு விதியை எழுதினேன். இடம் கிடைத்தவருக்கு ஒரு மின்னஞ்சல், ஒரு குறுஞ்செய்தி, மூன்று தொலைபேசி அழைப்புகள். எதற்கும் பதில் இல்லையென்றால் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். இடங்கள் வீணாகாது என்று மேலதிகாரி பாராட்டினார். எனக்கும் அதில் பெருமைதான்.

புக்கிட் மேரா வட்டாரத்தில் வசிக்கும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்குச் செவிலியராவதற்கான தாதிமைப் படிப்பில் இடம் கிடைத்தது. அவள் விண்ணப்பித்தது அது இரண்டாவது முறை. மின்னஞ்சல் அவளுடைய பழைய பள்ளி முகவரிக்குப் போனது. படிப்பு முடிந்ததும் அதை முடக்கிவிட்டார்கள். அவள் கொடுத்திருந்த தொலைபேசி எண் அம்மாவுடையது. மகள் வேலை பார்த்த மருந்தகத்தில் கைபேசியை வெளியே எடுக்க விடமாட்டார்களாம், அதனால்தான். குறுஞ்செய்திக்குப் பதில் வரவில்லை. முதல் இரண்டு அழைப்புகளைச் சக ஊழியர் செய்தார், யாரும் எடுக்கவில்லை. மூன்றாவதை நான் செய்தேன். ஒரு பெண்மணி எடுத்தார். நடைமுறைப்படி மகளின் அடையாள அட்டையின் கடைசி இலக்கங்களைக் கேட்டேன். திட்டிவிட்டு வைத்துவிட்டார். இப்படிப் பலர் செய்வார்கள். 'பதில் இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் கடிதம் எழுதினாள். முடிவு எப்போது தெரியும் என்று கேட்டிருந்தாள். பதிலாக ஓர் அச்சுக் கடிதம் அனுப்பியிருக்கலாம். ஆனால் நேரில் சொல்கிறேன் என்று எழுதினேன். சனிக்கிழமை தேக்கா சந்தைக்கு வரச் சொன்னாள். அவளுடைய அம்மா அங்கே மாடியில் தையல் கடை வைத்திருந்தார்.

"உட்காருங்க மா," என்று முக்காலியைத் தள்ளினார் அம்மா. நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. மகள் சுவரோரம் நின்றாள். உங்கள் எண்ணுக்கு அழைத்தோம் என்று தொடங்கினேன்.

அவர் சிரித்தார். "என் நம்பருக்கா? எனக்குப் பணத்தை ஏமாத்துற ஸ்கேமர்தான் கூப்பிடுவான் லா. அன்னிக்கு ஒருத்தி, என் மக அட்டை நம்பரைக் கேக்குறா. 'ஏன்டி, உங்கம்மாவோடத கேளு போ'ன்னு சொல்லி பிளாக் பண்ணிட்டேன்."

"அக்காகிட்ட மாட்டுனா அவ்ளோதான்," என்றார் பக்கத்துக் கடைக்காரர். "மெஷினிலேயே வெச்சுத் தெச்சிடுவாங்க."

"அது நான்தான் ஆன்ட்டி," என்றேன்.

"நீங்களா?"

"காலேஜ் சீட் கிடைச்சிருக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

பக்கத்துக் கடைக்காரர் தன் துணிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அட்டை நம்பர் கேட்டா உடனே வெச்சிடணும்னு எங்க அடுக்குமாடி புளோக் கீழ போலீஸ்காரங்க வந்து சொல்லிக் குடுத்தாங்க," என்றார் அம்மா. "மெசேஜ்ல வர்ற லிங்க்கையும் தொடக் கூடாதுன்னாங்க. எல்லாமே கவர்மென்ட் சொன்னதுதானே மா?"

"ஆமா. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க."

உண்மை அதுதான். எச்சரிக்கையும் அரசினுடையது, அழைப்பும் அரசினுடையது. விதி மட்டும் என்னுடையது. எடுத்துப் பேசிவிட்டு வைத்தவரையும், எடுக்காதவரையும் அது ஒரே கட்டத்தில் போட்டது.

மகள் முதல்முறையாகப் பேசினாள். "இடம் இன்னும் இருக்கா அக்கா?"

"இல்ல. வேற ஒருத்தங்களுக்குக் குடுத்தாச்சு."

"அவங்க சேர்ந்துட்டாங்களா?"

"சேர்ந்துட்டாங்க."

அவள் தலையசைத்தாள். மேல்முறையீடு, அடுத்த ஆண்டு, வேறு படிப்புகள் என்று நான் வரிசையாகச் சொன்னேன். "பாக்கறேன் கா," என்றாள். மருந்தகத்தில் முழுநேரமாக வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

அம்மா கைபேசியை மகளிடம் நீட்டினார். "அந்த நம்பரை எடுத்து விடு." மகள் பட்டியலில் தேடி, தடையை நீக்கிக் கொடுத்தாள். "இப்ப கூப்பிடுங்க மா, எடுக்கறேன்," என்று அவர் என்னைப் பார்த்தார். நான் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை விதியை மாற்றினேன். மூன்றாவது அழைப்புக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு கடிதம், பத்து நாள் அவகாசம். அன்றே ஒப்புதல் கிடைத்தது. மறு ஆண்டு விண்ணப்பங்கள் வந்ததும் அவளுடைய பெயரைத் தேடினேன், பிறகு அம்மாவின் எண்ணையும் தேடினேன். அவள் விண்ணப்பிக்கவில்லை.