பாவு பிடிக்க வராத தெரு

யுத்த காலத்தில் ஓர் ஆடிக் கிருத்திகைக்கு, திருத்தணி மலையடிவாரத்துக் கூட்டத்தில் வெள்ளைக்காரனை எதிர்த்துப் பேசி நைனா ஜெயிலுக்குப் போனார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் திரும்பும்வரை எங்கள் நெசவுத் தெருதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதனால் தெரு எப்போதும் தன் பக்கம் என்று நம்பிவிட்டார், வெகுளி மனுஷன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், பஜனை கோயில் கூட்டத்தில் எழுந்து நாட்டாண்மைக்காரரைக் கேட்டார்: "சர்க்கார் குடுக்குற பங்கீட்டு நூலெல்லாம் உங்க சொந்தக்காரங்களுக்கே போவுதே, இது நாயமாங்க?" கேட்டது அவ்வளவுதான். இனி யாரும் அவரோடு பேசக்கூடாது, ஒத்தாசைக்குப் போகக்கூடாது என்று அன்றைக்கே கட்டுப்பாடு போட்டார்கள்.

நைனா என்னையும் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் போனார். "சுதந்திர நாட்டுல பேச எனக்கு உரிமை இல்லீங்களா?"

"இருக்குதே. பேசினதுக்கு போலீசு உங்களைப் புடிச்சுகினு போச்சா? இல்லியே. ஆனா உங்ககூடப் பேசித்தான் ஆவணும்னு தெருக்காரங்களை எந்தச் சட்டம் கட்டாயப்படுத்தும்?"

வக்கீல் சொன்னது சரிதான். எனக்கு இன்றைக்கும் சட்டத்தின் மேல் கோபமில்லை, தெருவின் மேல்தான்.

தறியில் ஏற்றும் நீள இழைகள்தான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காய்வதற்குள் இழைகளைப் பிரித்துவிட வேண்டும். ஒரு வீட்டுப் பாவைப் பிடிக்க மற்ற வீட்டார் வந்து கைகொடுப்பது வழக்கம். கூலி கிடையாது. கட்டுப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பாவு போட்ட காலையில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மா இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினாள். அவரவர் வாசலில் நின்று பார்த்தார்களே தவிர, ஒருவரும் இறங்கவில்லை. வெயில் ஏறியது. இழைகள் ஒட்டிக்கொண்டு அறுந்தன. வீட்டிலிருந்த நூல் அதுதான். அம்மா தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நைனா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நாட்டாண்மைக்காரர் காலில் விழுந்தார். "தெரியாம பேசிட்டேங்க."

கடன் வாங்கிய நூலில் போட்ட அடுத்த பாவுக்குத் தெருவே வந்தது, ஒன்றும் நடக்காதது போல, சிரிப்பும் கேலியுமாக.

அதற்கடுத்த சுதந்திர தினத்தில், ஜெயிலுக்குப் போனவர் என்று நைனாவையே கொடியேற்றக் கூப்பிட்டார்கள். ஏற்றினார். "நாலு வார்த்தை பேசுங்க" என்றார் நாட்டாண்மைக்காரர்.

"பாவு காயுதுங்க, போவணும்" என்று சொல்லிவிட்டு நைனா மேடையிலிருந்து இறங்கினார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அன்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் பாவு போட்டிருக்கவில்லை.