பச்சைப் பொட்டு டாக்டர்

பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, கண்ணாடித் தகட்டின் மேல் பச்சை மையால் ஒரு புள்ளி வைக்கிறார். "இங்கதான் ஒளிஞ்சிட்டிருக்கியா? மாட்டுன!" தகட்டில் ஒட்டியிருப்பது யாரோ ஒருவருடைய நாக்கின் நறுக்கு, தலைமயிரைவிட மெல்லியது. புற்றை வெட்டி எடுத்த பிறகு அது திரும்பி வருமா என்று அந்த நறுக்கைப் பார்த்துச் சொல்வது இவருடைய வேலை. ஆஸ்பத்திரி முழுக்க இவருக்குப் 'பச்சைப் பொட்டு' என்று பெயர். அது இவர் காதில் விழுந்ததே இல்லை என்பது எல்லோருடைய நம்பிக்கை.

கட்டியின் நடுவில் இருக்கும் புற்றுச் செல்களை இவர் மதிப்பதில்லை. "நடுவுல நிக்கறதெல்லாம் சும்மா கூட்டம். ஓரத்துல ரெண்டு மூணு பேரா நைசா நழுவுறானுங்க பாருங்க, அவனுங்கதான் ஆளு." வீட்டிலும் இதே கண்தான். கணவர் வாங்கி வரும் தக்காளியைக் காம்போரம் திருப்பிப் பார்த்து, "ரெண்டு நாள் தாங்காது" என்பார். "தக்காளிக்கும் ரிப்போர்ட்டா?" என்பார் அவர். தக்காளி பெரும்பாலும் இவர் சொன்னபடியே நடந்துகொள்ளும்.

போன மாதம் நிர்வாகம் ஒரு மிஷினை வரவழைத்தது. ரிப்பன் வெட்டி, அதற்குப் பூங்கொத்தும் கொடுத்தார்கள். நறுக்கின் படத்தைக் காட்டினால் புற்று திரும்பி வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று வண்ணப் படத்தோடு சொல்லிவிடும். முப்பது வருடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து கழுத்து கோணியவரின் அறிக்கையை அடியிலும் வண்ணப் படத்தை மேலேயும் வைத்துப் பின் அடிப்பது வழக்கமாயிற்று. அடித்தாளைப் புரட்டுவது மட்டும் வழக்கமாகவில்லை.

இன்று காலை ஒரு பஸ் டிரைவர் முடிவு கேட்க வந்திருந்தார். நாக்கில் சின்னக் கட்டி, வெட்டியாகிவிட்டது. திரும்பி வரும் ஆபத்து அதிகம் என்று பச்சைப் பொட்டு எழுதியிருந்தார். மிஷின் பதினொரு சதவீதம் என்றது. அறுவை டாக்டர் பதினொன்றைப் பிடித்துக்கொண்டு, கதிர்வீச்சு தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். சேதி தெரிந்ததும் பச்சைப் பொட்டு அந்த அறுவை டாக்டரைக் கையோடு லேபுக்கு அழைத்து வந்தார்.

"என்ன மேடம், மிஷினோட போட்டியா?"

"அதுக்குப் பூங்கொத்து கெடச்சுது, எனக்கு உக்கார்ற நாற்காலியே ஆடுது. நான் எங்க தம்பி போட்டி போடறது? ஒரே ஒரு சந்தேகம். நான் பொட்டு வெச்ச எடத்தை அது பாத்துச்சா?"

டெக்னீஷியன் பெண் திரையை அப்படியும் இப்படியும் நகர்த்தினாள். பிறகு குரல் இறங்கியது. "மேடம்... மை பட்ட எடத்தை அழுக்குன்னு நெனச்சு ஒதுக்கிடுது. எல்லாத் தகட்டுலயும்."

ஆபத்து எங்கே என்று ஒரு மாதமாக இவர் பொட்டு வைத்துக் காட்டியிருக்கிறார். அந்த இடத்தைத் தேடிப்பிடித்து மிஷின் தூக்கி எறிந்திருக்கிறது. இவ்வளவு கச்சிதமான கூட்டுமுயற்சியை அந்த ஆஸ்பத்திரி அதற்குமுன் கண்டதில்லை.

"மையைத் தொடச்சிட்டுக் குடுக்கணும்னு எங்கயும் போடலையா?"

"கையேட்டுல இருக்கு மேடம். நாப்பத்தேழாம் பக்கம்."

"யாரு படிச்சது?"

மூவரும் கையேட்டைப் பார்த்தார்கள். அதன் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் பளபளத்தது.

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து மறுபடி கொடுத்தார்கள். அறுபத்து மூன்று. அறுவை டாக்டர் சிரிக்கவில்லை. "டிரைவர் கெளம்பியிருப்பாரே மேடம்!"

"ஒரு மாசத் தகடு மொத்தத்தையும் எடுத்து வைம்மா" என்று சொல்லிக்கொண்டே பச்சைப் பொட்டு படியிறங்கி ஓடினார்.

வாசலில் டிரைவர் ஸ்கேன் படங்கள் திணித்த பையோடு நின்றிருந்தார். அவர் மனைவி வெள்ளைக் கோட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். "ஒண்ணாந்தேதி டூட்டியில சேந்துக்கலாம்னு சொல்லிட்டாங்க டாக்டரம்மா! இனிமே கவலை இல்லைல்ல?"

பச்சைப் பொட்டு மூச்சு வாங்க அவர்கள் அருகில் வந்தார். டிரைவரின் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, உள்ளே போகும் கதவை இருவருக்கும் திறந்து பிடித்தார்.