கீரனூர் பஸ்ஸில் ஓர் இன்டர்வியூ

கீரனூரில் திருச்சி பஸ் ஏறுகிறேன். பக்கத்து சீட்டில் செல்வி என்கிற நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு இன்று திருச்சியில் இன்டர்வியூ. போன தடவை ஆங்கிலம் பேச வராமல் திரும்பியிருக்கிறாள்.

என் கையில் ஆங்கிலப் பேப்பரைப் பார்த்ததும், "இங்கிலீஷ்ல ஏதாச்சும் கேளுங்கக்கா" என்கிறாள்.

நோயாளிக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வாய் என்று ஆங்கிலத்திலேயே கேட்கிறேன். பதில் பாதியில் நின்றுவிடுகிறது. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் சொல் எடுத்துக் கொடுக்க வாயைத் திறக்கிறேன்.

"வேணாங்கக்கா. அங்க யாரு எடுத்துக் குடுப்பா?"

முதலிலிருந்து தொடங்குகிறாள், இன்னும் சத்தமாக. இலக்கணம் அங்கங்கே உதைக்கிறது. ஆனாலும் நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, டாக்டரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் நிறுத்துகிறாள்.

முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள்.

"அடுத்தது கேளுங்கக்கா. திருச்சி வந்துரும்."