அம்மா மூடிவைத்த சட்டி

அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டுக் குசினியில் மகள் மெக்சிக்கன் சொசேஜை வதக்கி, மேலே சீஸைக் கொட்டி உருக்கினாள். அந்த வாசனை என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப்போனது.

தொண்ணூறுகளில், நாடுவிட்டு வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த என் அண்ணா ஷெல் விழுந்து செத்துப்போன செய்தி வந்து மூன்று நாள். அம்மா பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. பக்கத்துவீட்டு மெக்சிக்கன் அன்ரி இதேபோல் சொசேஜில் உருக்கிய சீஸைச் சட்டியோடு சுடச்சுடக் கொண்டுவந்து, ரொட்டியில் தோய்த்து அம்மாவுக்கு ஊட்டினார்.

"அப்பா, செத்தவீட்டில இறைச்சி சாப்பிடலாமோ?"

"கதைக்காதை. அம்மா சாப்பிடட்டும்."

நாலு வாய் சாப்பிட்ட அம்மா சட்டியை மூடினார்.

"மிச்சம் அண்ணாவுக்கு. பள்ளிக்கூடத்தால பசியோட வருவான்."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாகும்வரை அம்மா ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தார்.

மகள் சீஸில் தோய்த்து நீட்டிய ரொட்டித் துண்டை வாங்கினேன். பாதியைப் பிய்த்துச் சட்டியில் வைத்து மூடினேன்.