பலிக்கு வந்த சேவல்

அலெக்சாந்திரியாவில் கல் செதுக்கும் பகூமிஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். கையும் சோடை போனதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கர்ப்பம் தங்காத பெண்கள் தாயத்தாகக் கட்டிக்கொள்ள அவர் செதுக்கும் சின்னக் கறுப்புக் கல்லில், கவிழ்த்த குடம் போலக் கருப்பை இருக்கும். அதன் வாயில் ஒரு சாவி. சுற்றிலும் தன் வாலைத் தானே கவ்விய பாம்பு. பின்பக்கம் தெய்வத்துக்கு மட்டும் புரிகிற எழுத்துகள்.

செதுக்கிவிட்டால் மட்டும் கல்லுக்கு உயிர் வந்துவிடாது. கல் கேட்பவர் கொண்டுவரும் வெள்ளைச் சேவலை அறுத்து, இறகுகூட மிஞ்சாமல் எரித்து, அந்தப் புகையில் காட்ட வேண்டும்.

பெற வேண்டியதையெல்லாம் வயிற்றிலேயே பறிகொடுத்த தயேசிஸ், மறுபடி கருவுற்று, கொழுத்த சேவலோடு வந்தாள். கோதுமை விலை ஏறி, பகூமிஸ் வீட்டில் வெறும் பயறு வெந்துகொண்டிருந்த நேரம். அவர் மனைவி தெர்மூதிஸ் சேவலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சாமிக்கு இறகுப் புகை போதாதா? கறி நமக்கு ஆகும்ல," என்றாள்.

மனிதர் தலையாட்டினார். அன்று மாலை சீரகம் போட்ட குழம்பைச் சட்டியோடு வழித்து நக்கினார். மறுநாள் கல்லைக் கொடுக்கும்போது, "இனி பயமில்ல தாயி," என்று வேறு சொன்னார்.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வயிறு தூரத்தில் தெரிந்தாலே சந்துக்குள் நுழைந்துவிடுவார். அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று, செதுக்கும் பாம்பிடமெல்லாம் கெஞ்சினார். வெட்கங்கெட்ட வாய், அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. தயேசிஸ் அதை இடுப்பிலும், ஒரு வெள்ளைச் சேவலைக் கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். "பகூமிஸ் கல்லுன்னா சும்மாவா!" என்று அங்கிருந்தவர்கள் கூவினார்கள். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனார்.

"தாயி, அந்தச் சேவல நான்..."

"தெரியும்ணே. குழம்பு வாசம் எங்க வாசல் வரைக்கும் வந்துச்சு. உங்க கல்ல நான் கட்டவேயில்ல. வேற ஆளுகிட்ட வேற வாங்கிக்கிட்டேன்."

"அப்பவே வந்து திட்டியிருக்கலாமேம்மா."

"திட்டத்தான் வந்தேன். பயமில்ல தாயின்னு சொன்னீங்க பாருங்க, எனக்கே உங்க மூஞ்சியப் பார்க்கக் கூசிப்போச்சு."

சேவலை அவர் கையில் வைத்தாள்.

"இது பலிக்கு இல்லண்ணே, நீங்க சாப்பிடத்தான். அடுத்து எவளாவது கொண்டுவந்தா, அத முழுசா எரிச்சிருங்க."