சனிக்கிழமை வெந்நீர்

கனகலிங்கத்தின் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கோப்பிக்கு முன்னால் ஒரு தண்டனை உண்டு. பின்வாசலுக்கு இழுத்துப்போய், கூரைமேல் இருக்கும் சூரிய வெந்நீர்ப் பலகையை அண்ணாந்து பார்க்க வைப்பார். கழுத்து வலிக்கும்வரை விடமாட்டார்.

“சூரியன் காய்ச்சுது, நாங்கள் குளிக்கிறம். மழை நாளுக்கெண்டு கரண்ட் சுவிட்சும் தந்தவங்கள். நான் அதுக்குச் சிவப்பு டேப் ஒட்டிப்போட்டன்!”

வெறும் ஜம்பத்துக்கு வாங்கியதல்ல அது. 1989இல் அவர் மனைவி குணபூசணிக்கு இருதயம் பலவீனம், கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அடுப்பில் தண்ணீர் காய்ச்சித் தூக்கும் வேலை அவளுக்கு இனி ஜென்மத்துக்கும் வேண்டாம் என்று மறுவாரமே பலகையை மாட்டிவிட்டார். செந்தூல் ரயில்வே பட்டறையில் போர்மனாக இருந்த மனிதர். வீட்டுச் சாமானை அடுத்தவன் தொட விடமாட்டார். அப்படித்தான் ஒருமுறை டிவி ஏரியலைத் திருப்பக் கூரையேறி, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கையில் கிடந்தார். திருந்தினாரா? அதுதான் இல்லை.

தினமும் விடியலில் அவருக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல். சனிக்கிழமை மட்டும் நல்லெண்ணெய் தேய்த்து முழுக்கு. எண்ணெய் ஊறும்வரை பின்வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். “தண்ணி வச்சிட்டன்” என்று பூசணி குரல் கொடுத்தபின் எழுந்து போவார். வாளி நிறைய ஆவி பறக்கும் வெந்நீர் இருக்கும். முழுக்குத் தண்ணீரை வீட்டுப் பெண் எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். சுடுதண்ணீர்க் குழாயை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

1993 மார்ச்சில், ஒரு புதன்கிழமை, பூசணி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் படுத்தாள். வீட்டில் கனம் ஏதும் தூக்குகிறாரா என்று டாக்டர் கேட்டார். ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விட்டதில்லை என்று கனகலிங்கம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். தூக்கினால் இந்த இருதயம் தாங்காது, அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை வந்தது. முழுகாமல் போனால் அவள் மனம் வருந்துவாள் என்று தானே எண்ணெய் தேய்த்துக்கொண்டு குழாயைத் திறந்தார். தண்ணீர் சில்லென்று வந்தது. விட்டுப் பார்த்தார். வாளி நிறைந்து வழிந்ததே தவிர சூடு வரவில்லை. வெளியே மூன்று நாளாக மண்டையைப் பிளக்கும் வெயில். ஏணியை எடுத்தார். முதல் படியிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. வாழ்நாளில் முதல்முறையாக அடுத்தவனைக் கூப்பிட்டார்.

பக்கத்துத் தெருவில் ஹீட்டர் பழுதுபார்க்கும் ஜெயராஜ் உச்சிவெயிலில் கூரையேறினான். பலகைக்குத் தண்ணீர் போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

“அங்கிள், இந்த நேரத்துல மேல் பைப்பு கையச் சுடணும் லா. ரெண்டும் ஒரே மாதிரி குளுகுளுன்னு இருக்கு. கண்ணாடி உள்ளுக்குள்ள வேர்த்துப் போய்க் கிடக்கு. இது செத்து ரெண்டு வருசமாவது இருக்கும்.”

“என்ன கதை விடுறாய்? போன சனியும் சுடுதண்ணியிலதானே முழுகினன்!”

“அது இதுலேருந்து வரல, அங்கிள்.”

கனகலிங்கம் குசினிக்குள் போனார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு பெரிய அலுமினியப் பானை. அடி கரிப்பிடித்திருந்தது. இரண்டு காதிலும் பழந்துணி சுற்றிக் கட்டியிருந்தது. தண்ணீர் நிரப்பித் தூக்கினார். அவருக்கே கனத்தது. குளியலறைக்குப் பதினாலு எட்டு. டேப்பைப் பிரித்துச் சுவிட்சைப் போட்டிருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைத் தூக்கியிருக்கிறாள். “பாவி, பாவி” என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். உள்ளங்கையெல்லாம் எண்ணெய் ஆனது.

பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பூசணி கண் விழித்திருந்தாள்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்குச் சனிக்கிழமையெல்லோ. முழுகினீங்களோ?”

“முழுகினன்.” அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “பச்சைத் தண்ணியிலதான் முழுகினன், பூசணி. பலகை பழுதெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அவள் முகம் வெளிறிப்போனது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

“ஐயோ, கூரையில ஏறினீங்களோ?”